லோரன்ஸ் அண்ணையின் ஆறு மெடிக்கல்

டென்மார்க்கில் வைத்தியம் இலவசம் என்று எவராவது என் முன்னால் பெருமை பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இலவசம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. நெஞ்சைத் திறந்து தைத்து மூடினாலும் உங்களிடம் ஒரு குரோனர் கேட்க மாட்டார்கள். ஆனால் டொக்டர் பேனையை எடுத்து உங்களுக்காக ஒரு தாளில் நாலு வரி எழுதினால் அதற்குக் காசு. 1987 கார்த்திகையில், கிரின்ஸ்டெட்டில், இது எனக்குத் தெரியவந்த அன்று நான் போட்ட சத்தத்தில் டொக்டரின் வரவேற்பறையில் தாயின் மடியிலிருந்த குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது.

காசு கேட்டது என்னிடம் அல்ல, லோரன்ஸ் அண்ணையிடம். நான் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவன். அந்த ஊரில் பஸ்ஸை நம்பினால் போன இடத்தில்தான் படுக்க வேண்டும். அவருக்கு டேனிஷும் வராது, காரும் இல்லை. எனக்கு இரண்டும் அரைகுறையாக இருந்தன.

"இதென்ன அநியாயம்? இவரிடம் இலவச வைத்தியத்துக்கான மஞ்சள் அட்டை இருக்கிறது. பிறகு என்ன காசு?" என்று டொக்டரின் செயலாளர் கிர்ஸ்டனிடம் நான் மேசையில் தட்டிக் கேட்டேன்.

லோரன்ஸ் அண்ணை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"சும்மா இரும் தம்பி. காசு கேக்கினமெண்டால் நல்லதுதானே. காசை வாங்கினால்தானே நாங்கள் சொல்லுறதை எழுதித் தருவினம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஊர் நியாயம். ஊரில் அரசாங்க வேலைக்காரன் மச்சாளின் கலியாணத்துக்கு நாலு நாள் நிற்க வேண்டுமென்றால் ஒரு மெடிக்கல் வைப்பான். டொக்டருக்குரியதைக் கொடுத்தால் வயிற்றோட்டமோ முதுகுப் பிடிப்போ, எது வேண்டுமோ அதை எழுதித் தருவார். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கு எந்த விண்ணப்பம் போனாலும் அதோடு ஒரு மெடிக்கல் குத்தியிருக்கும். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. அது ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

லோரன்ஸ் அண்ணை மன்னார், பேசாலையைச் சேர்ந்தவர். வள்ளங்களின் எஞ்சின் திருத்துவதில் கைகாரர். 86ஆம் ஆண்டு கடைசியில் டென்மார்க் வந்தார், அடுத்த கோடையில் அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். நான் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையிலேயே மரம் தேய்க்கும் பகுதியில் அவருக்கும் வேலை கிடைத்தது. அளந்து பேசுகிற மனிதர். வாயைத் திறந்தால் மனைவியைப் பற்றித்தான் வரும்.

மனைவி எமிலியா அக்காவுக்கு நெஞ்சில் வருத்தம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டது. பிள்ளை பெற வேண்டாம் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள், அவர்களும் பெறவில்லை. கிணற்றில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளினால் இருந்து மூச்சு வாங்க வேண்டும். கொழும்பில் இருந்த அவருடைய தம்பி அந்தோனிதாசன் ஓடித் திரிந்து, 88 பங்குனியில் வால்வை வெட்டித் திருத்த ஒரு திகதி வாங்கி வைத்திருந்தான்.

அந்தத் திகதியை வேண்டாமென்று விடச் சொன்னவர் லோரன்ஸ் அண்ணை. "இஞ்ச எல்லாம் இலவசம். நல்ல ஆஸ்பத்திரி. நீ தைக்கு இஞ்ச நிப்பாய், இஞ்சயே வெட்டுவம்" என்று அவர் எழுதிய கடிதத்துக்கு முத்திரை ஒட்டித் தபாலில் போட்டவன் நான்தான். அவர் அப்படி நம்பியதற்கும் காரணம் நான்தான். என் மனைவி நிறோஷினி 87 வைகாசியில் வந்து சேர்ந்திருந்தாள். விண்ணப்பம் போட்டு நாலே மாதம். நான் அந்த விண்ணப்பத்தோடு என் வயிற்றுப்புண்ணுக்கு ஆஸ்பத்திரி தந்த ஒரு தாளையும் வைத்து அனுப்பியிருந்தேன். அது போதாதா? எஸ்பியர்க்கிலும் கிரின்ஸ்டெட்டிலும் கண்ட தமிழனிடமெல்லாம், "மெடிக்கல் வையுங்கோ, கேஸ் பறக்கும்" என்று நான் சொல்லித் திரிந்தேன். பெரிய வழக்கறிஞர் நான்!

மனைவியைக் கூப்பிடும் லோரன்ஸ் அண்ணையின் விண்ணப்பத்தை ஐப்பசியில் என் வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் நிரப்பினோம். நிறோஷினி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்காவுக்கு நெஞ்சு வருத்தமெண்டு எழுதினால் என்ன? இரக்கப்படுவினமல்லோ?"

"உனக்கு விசரே?" என்று நான் பாய்ந்தேன். "வருத்தக்காரியை எந்த நாடு காசு செலவழிச்சுக் கூப்பிடும்? கேட்டவுடனை கட்டி மூலையில போட்டிடுவாங்கள்."

லோரன்ஸ் அண்ணை தலையாட்டினார். அவர் முன்பு குவைத்துக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்டு, எக்ஸ்ரேயில் ஒரு பழைய தழும்பு தெரிந்ததால் ஏஜென்சிக்காரனால் திருப்பி அனுப்பப்பட்டவர். வெளிநாடு என்றால் வருத்தத்தை மறைக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் எலும்பில் ஊறிய பாடம். ஆகவே எமிலியா அக்காவின் சுகநிலை என்ற இடத்தில், "நல்ல சுகம்" என்று எழுதினேன். வருத்தம் லோரன்ஸ் அண்ணைக்கு இருக்கட்டும், அதற்கு ஒரு மெடிக்கல் எடுப்போம் என்று முடிவுசெய்தோம். டொக்டரிடமும் அக்காவின் நெஞ்சைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று அண்ணைக்குச் சொல்லிவைத்தேன். அந்த நல்ல சுகத்தை என் கையெழுத்தில்தான் எழுதினேன். இன்றைக்கும் அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு எரிகிறது.

இப்படித்தான் கார்த்திகையில் டொக்டரிடம் போனோம். லோரன்ஸ் அண்ணை நித்திரை இல்லை, இடுப்பில் நாரி உளைவு, நெஞ்சு படபடப்பு என்று சொல்லச் சொல்ல நான் டேனிஷில் இன்னும் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்துச் சொன்னேன். டொக்டர் அமைதியான மனிதர். எல்லாவற்றையும் கேட்டார், முதுகைத் தட்டினார், இரத்தம் எடுத்தார். ஒரு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. காருக்குள் வைத்து வாசித்துக் காட்டினேன். நோயாளி நித்திரை குறைவு என்று சொல்கிறார், மனைவியைப் பிரிந்த கவலை தெரிகிறது, பரிசோதனையில் உடல் பூரண சுகமாக உள்ளது. அவ்வளவுதான்.

"என்னது, பூரண சுகமோ?" லோரன்ஸ் அண்ணையின் முகம் சிவந்துவிட்டது. "காசைக் குடுத்துச் சுகமெண்டு எழுதி வாங்கின முதல் தமிழன் நான்தான். திருப்பும் காரை!"

திருப்பினேன். எனக்கும் கொதிதான். கிர்ஸ்டன் அன்றைக்கும் மேசைக்குப் பின்னால் இருந்தாள். நரை விழத் தொடங்கிய, கண்ணாடி போட்ட பெண். என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள், சண்டைக்கு ஆயத்தம் போல. ஆனால் அவள் சண்டை பிடிக்கவில்லை.

"நீங்கள் காசு கொடுத்தது டொக்டர் என்ன எழுத வேண்டும் என்பதற்கு அல்ல. அவர் எழுதச் செலவழித்த நேரத்துக்கு" என்றாள்.

"அவருக்குத்தான் அரசாங்கம் கொடுக்கிறதே!"

"உங்களைச் சுகப்படுத்துவதற்குக் கொடுக்கிறது. இந்தக் கடிதம் யாரையும் சுகப்படுத்தாது. மாலையில் நோயாளர் போன பிறகு அவர் பழைய பதிவுகளைப் புரட்டி, பொறுப்பெடுத்துக் கையொப்பம் வைத்து எழுதுகிறார். அந்த நேரத்துக்கு யாராவது கொடுக்கத்தானே வேண்டும்? கடிதம் யாருக்குத் தேவையோ அவர் கொடுக்க வேண்டும். ஊரின் கொமூன் நிர்வாகம் கேட்டால் கொமூன் கொடுக்கும். காப்புறுதிக்காரர் கேட்டால் அவர்கள் கொடுப்பார்கள். கோபன்ஹேகனில் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் கந்தோர் கேட்டிருந்தால் அவர்களே படிவம் அனுப்பி, காசையும் டொக்டருக்கு அனுப்பியிருப்பார்கள்." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "இந்தக் கடிதத்தை உங்களிடம் யார் கேட்டார்கள்?"

லோரன்ஸ் அண்ணை, "என்னவாம்?" என்று முழங்கையால் இடித்தார்.

"கந்தோருக்குத்தானே எண்டு கேக்கிறா" என்று சொன்னேன்.

"ஓம், ஓம், கந்தோருக்குத்தான்!" என்று அவர் கிர்ஸ்டனைப் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டினார்.

உண்மையைச் சொன்னால் என்ன? யாரும் கேட்கவில்லை அண்ணை, நீங்கள் காசு கட்டுவதே யாரும் கேட்காதபடியால்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் மெடிக்கல் கதை பொய்த்துப்போகும் என்ற பயம் ஒரு பக்கம். அவர் வேறு எதைத்தான் பிடித்துக்கொண்டு இருப்பார் என்ற எண்ணம் இன்னொரு பக்கம்.

தை வந்தது, போனது. கோபன்ஹேகனுக்கு ரெலிபோன் எடுத்தால், "பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரே பாட்டு. லோரன்ஸ் அண்ணை இரண்டாவது மெடிக்கல் எடுத்தார். பங்குனியில் எமிலியா அக்காவின் கொழும்புத் திகதி கழிந்தது. மூன்றாவது மெடிக்கல். அந்தோனிதாசன் ஏசிக் கடிதம் போட்டான். மறுபடி திகதி கேட்கப் போனால் வரிசையின் கடைசியில் நிற்கச் சொல்கிறார்களாம், மன்னாரிலிருந்து கொழும்புக்கு வரும் பாதையும் பூட்டுவதும் திறப்பதுமாய் இருக்கிறதாம். எமிலியா அக்கா மட்டும் ஏசவில்லை. "நான் இருக்கிறன். நீங்கள் சாப்பிடுங்கோ" என்று எழுதியிருந்தார்.

அண்ணை எங்கே சாப்பிட்டார்? நாலாவது மெடிக்கலுக்குப் போனபோது நான் உப்புப் புளி ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. லோரன்ஸ் அண்ணை உண்மையாகவே வருத்தக்காரராகி விட்டிருந்தார். பதினொரு கிலோ குறைந்திருந்தது. மரம் தேய்க்கும் மெசினுக்குள் ஒருநாள் கையைக் கொடுக்கப் பார்த்தவரைப் பக்கத்தில் நின்ற டேனிஷ்காரன் இழுத்துவிட்டான். டொக்டர் இந்த முறை இரண்டு பக்கம் எழுதினார், மனைவி வராவிட்டால் இந்த மனிதரின் நிலைக்குத் தான் பயப்படுவதாக. அந்தக் கடிதத்தை வாசித்தால் கல்லும் கரைந்திருக்கும். வாசித்திருந்தால்.

ஆறாவது கடிதம் 88 மார்கழியில். கிர்ஸ்டன் காசு வேண்டாமென்று கையைக் காட்டினாள். அவளுக்கே தாங்கவில்லை.

லோரன்ஸ் அண்ணை பதறிப்போனார். "ஐயோ, வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ! தம்பி, வாங்கச் சொல்லும். காசில்லாமல் எழுதினால் கடிதத்துக்குப் பெறுமதி இராது. வாங்கச் சொல்லும்!"

நோட்டுகளை மேசையில் வைத்து, அவள் தள்ள, இவர் தள்ள, கடைசியில் அவள் கண் கலங்கியபடி எடுத்து மேசை இலாச்சியில் போட்டு ரசீதும் கொடுத்தாள். அவர் ரசீதை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்து, "இனிச் சரிவரும்" என்றார்.

89 தொடக்கத்தில் குட்டு உடைந்தது. ரேடியோவிலும் பத்திரிகையிலும் அதே கதைதான். தமிழ் அகதிகளின் குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்களை 87 இலையுதிர் காலத்திலிருந்து மேலிடத்துச் சொல்லின்படி நிறுத்தி வைத்திருந்தார்களாம். சட்டம் கொடுத்த உரிமை. மன்றாட்டம் அல்ல, பிச்சை அல்ல, உரிமை! அதைத் தூக்கி அடியில் போட்டுவிட்டு, எடுக்கிற ரெலிபோனுக்கெல்லாம் பரிசீலனை என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். நிறோஷினி தப்பி வந்தது என் வயிற்றுப்புண்ணாலும் இல்லை, ஒரு கோதாரியாலும் இல்லை. அவளுடைய கடதாசி கதவு பூட்டுவதற்கு முன்னம் போயிருந்தது, அவ்வளவுதான்.

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் வைத்து லோரன்ஸ் அண்ணைக்குப் பத்திரிகையை வாசித்துச் சொன்னேன்.

"அப்ப என்ர கடிதங்கள்?"

"ஒருத்தரும் வாசிச்சிருக்காயினம் அண்ணை."

"ஆறும்?"

"ஆறும்."

அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சோறும் மீன்குழம்பும் வெள்ளைச் சுவரில் வழிந்தன. டேனிஷ்காரர்கள் எல்லோரும் எழும்பி நின்றார்கள். கூட்டி அள்ள வந்தவனிடமிருந்து துடைப்பத்தைப் பறித்து நானே சுவரைத் துடைத்தேன். பார்த்துக்கொண்டு நின்றவர்களிடம், "உங்கள் கந்தோரைப் போய்த் துடையுங்கள், முதலில் அதைத் துடையுங்கள்!" என்று கத்தினேன். அவர்களில் பாதிப் பேருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே விளங்கவில்லை.

எமிலியா அக்காவுக்கு அனுமதி சித்திரையில் வந்தது, அவர் ஆனியில் வந்தார். லோரன்ஸ் அண்ணையின் வீடு இரண்டாம் மாடி. அந்தப் படிகளில் ஏற எமிலியா அக்கா மூன்று இடத்தில் குந்தி எழும்பினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மேலே வந்ததும், "வீடு வடிவாயிருக்கு" என்று சிரித்தார். லோரன்ஸ் அண்ணை யன்னலைத் திறக்கிற சாட்டில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளே அதே டொக்டரிடம் போனோம். அவர் எமிலியா அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்து, எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து லோரன்ஸ் அண்ணையைப் பார்த்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

லோரன்ஸ் அண்ணைக்கு அந்த அளவு டேனிஷ் வந்திருந்தது. தலை குனிந்தார்.

"ஆறு தடவை என் முன்னால் இருந்தீர்கள். ஒரு தடவைகூட இதைச் சொல்லவில்லையே." டொக்டரின் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். உடனே ரெலிபோனை எடுத்தார். அன்று பின்னேரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ். எல்லாம் இலவசம்.

பத்து நாள் சோதித்தார்கள். பதினோராம் நாள் இதய நிபுணர் கட்டில் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். கால்மாட்டில் லோரன்ஸ் அண்ணை, தலைமாட்டில் நான். நிபுணர் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வால்வு சுருங்கியபடியே வருடக்கணக்காக விடப்பட்டதால் நுரையீரல் நாளங்கள் கெட்டுப்போய்விட்டன. இனி வெட்டினால் மேசையிலிருந்து எழும்ப மாட்டார். மருந்து கொடுக்கலாம். ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. ஒன்றரை வருடம் முந்தி என்றால் இது தாங்கள் வழக்கமாகச் செய்கிற வேலை. இவர் ஏன் இவ்வளவு பிந்தி வந்தார் என்று கேட்டார்.

நான் எமிலியா அக்காவின் பக்கம் திரும்பினேன். "மருந்து தருவினமாம் அக்கா. வெட்டத் தேவையில்லையாம்."

அவர் என்னையே பார்த்தார். "தம்பி, அவர் எவ்வளவு நேரம் கதைச்சவர். நீர் ரெண்டு சொல்லில முடிச்சுப்போட்டீர். முழுக்கச் சொல்லும்."

சொன்னேன். ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு என்பதையும் சொன்னேன். லோரன்ஸ் அண்ணை கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றார்.

"கடைசியா ஏதோ கேட்டவரே?" என்று எமிலியா அக்கா கேட்டார்.

"ஏன் பிந்தி வந்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

எமிலியா அக்கா தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தார். மூச்சு முட்டியது. ஆனாலும் அன்றைக்கு வரைக்கும் அவரிடம் நான் கேட்டிராத கோபம் அந்தக் குரலில் இருந்தது.

"நான் பிந்தி வரேல்லையெண்டு சொல்லும். கொழும்பில எனக்குத் திகதி தந்தவை. இவர் வேண்டாமெண்டு எழுதினவர், நான் விட்டன். விண்ணப்பம் நேரத்துக்குத்தான் பதிஞ்சது. இவையின்ர ஆக்கள்தான் அதைக் கட்டி வைச்சவை. நான் ஆயத்தமாப் பெட்டி கட்டிக்கொண்டு இருந்தனான். ஒரு சொல்லும் விடாமல் சொல்லும்."

ஒரு சொல்லும் விடாமல் டேனிஷில் சொன்னேன். நிபுணர் எழுதிக்கொண்டே கேட்டார். அதோடு எமிலியா அக்கா சொல்லாத ஒன்றையும் சேர்த்தேன். இவருடைய நெஞ்சு வருத்தத்தை விண்ணப்பத்தில் மறைத்து, நல்ல சுகம் என்று எழுதியவன் நான், கணவரை டொக்டரிடம் வாய் திறக்க வேண்டாமென்று சொன்னவனும் நான் என்றேன். நிபுணரின் பேனை நின்றது.

"கடைசியா என்ன சொன்னனீர்?" என்று எமிலியா அக்கா கேட்டார்.

"விடும் தம்பி" என்றார் லோரன்ஸ் அண்ணை.

நான் விடவில்லை. தமிழிலும் சொன்னேன்.